சிவப்புக் கவரில் ஒரு நீல நோட்டு

எங்கள் வீட்டு மாடியில் ஒரு கோடீஸ்வரி குடியிருக்கிறாள். மாதம் பிறந்து வாடகை கொடுக்க அவள் படியிறங்கி வந்தால் நான் எழுந்து நின்றுதான் வாங்குவேன். சரி, எழுந்து நிற்பதெல்லாம் கிடையாது, என் முட்டி அதற்கு ஒத்துக்கொள்ளாது. கோடி என்பதும் கொஞ்சம் கூடத்தான். ஒன்பது லட்சத்துச் சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்பது லட்சமும் வியட்நாம் நாட்டுப் பணம். நம்மூர்க் காசாக மாற்றினால் ஒரு மாத மளிகைக்கே இழுபறி. ஆனால் இப்படி ஆரம்பித்தால்தானே நீங்கள் உட்கார்ந்து கேட்பீர்கள்.

அவள் பெயர் செந்தாமரை. பிறந்தது மணிமங்கலம். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஒரகடத்தில் பிளாஸ்டிக் வார்க்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். காருக்குள் கதவைத் திறக்கக் கைப்பிடி இருக்கிறதே, ஏசிக் காற்று வருகிற சின்ன ஜன்னல் இருக்கிறதே, அதெல்லாம் செய்கிற இடம். மெஷினிலிருந்து சூடாக விழும் பீஸை எடுத்து, ஓரத்தில் பிதுங்கி நிற்கும் பிளாஸ்டிக்கைக் கத்தியால் சீவிவிடுவது அவளுடைய முதல் வேலை. இட்லித் தட்டில் குழியை மீறி மாவை ஊற்றினால் இட்லியைச் சுற்றி ஒரு பாவாடை கட்டும், பார்த்திருப்பீர்கள். அந்தப் பாவாடைக்கு அவர்கள் பாஷையில் ஃபிளாஷ் என்று பெயர். ஃபிளாஷ் என்றால் வெட்டு. அதில் யோசனைக்கு இடமில்லை. யோசித்துக்கொண்டு நின்றால் அடுத்த பீஸ் விழுந்துவிடும்.

பிறகு அவள் கண்ணைப் பார்த்து இன்ஸ்பெக்டர் ஆக்கினார்கள். வெள்ளை விளக்கின் கீழே ஒவ்வொரு பீஸையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லதைப் பச்சைத் தொட்டியிலும் கெட்டதைச் சிவப்புத் தொட்டியிலும் போடுகிற உத்தியோகம். அன்றிலிருந்து எங்கள் தெருவில் எந்தப் பொருளுக்கும் நிம்மதி இல்லை. கல்யாணத்துக்குப் போனால் மேடைத் தோரணம் இடப்பக்கம் இறங்கியிருக்கிறது என்பாள். என் வீட்டு வாளி, முக்காலி, குளியலறைக் குவளை எல்லாவற்றின் ஓரத்தையும் ஒரே வாரத்தில் சீவி மழமழவென்று ஆக்கிவிட்டாள். ஒருநாள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"ஆயா, உன் மூக்கு லெஃப்ட்ல ஒரு எம்எம் சாஞ்சிகீது."

"பழைய மோல்டுடி அது. இதுவரை எந்தக் கஸ்டமரும் திருப்பி அனுப்பல. போய் வேலையப் பாரு" என்றேன்.

அவள் கணவன் ரகு வாடகைக் கார் ஓட்டுகிறான். கம்பெனிகளில் மெஷின் மாட்ட வரும் வெளிநாட்டுக்காரர்களை மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் ஏற்றிவந்து ஓட்டலில் இறக்குவது, ஓட்டலில் ஏற்றிக் கம்பெனியில் இறக்குவது, கடைசி நாளில் மறுபடி மீனம்பாக்கம். அந்தக் கடைசி நாளில்தான் அவர்களுக்கு இவன்மேல் பாசம் பொங்கும். பர்ஸில் மிஞ்சிய சொந்த ஊர் நோட்டை எடுத்து, ஞாபகமாக வைத்துக்கொள் என்று கையில் திணித்துவிட்டுப் போவார்கள். எல்லாம் பிளாஸ்டிக் நோட்டு. கசங்காது, நனையாது, பேன்ட்டோடு துவைத்தாலும் முகம் கழுவிய பிள்ளை மாதிரி வெளியே வரும். நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு ஓட்டை வேறு. அதன் வழியாக எட்டிப் பார்க்கலாம். ரகு அவற்றை முறுக்கு டின்னில் போட்டு, ஆயுத பூஜைக்குக் காரோடு சேர்த்துக் குங்குமம் வைப்பான்.

இந்த வருஷம் சித்திரையில் செந்தாமரையின் லைனுக்கு லீடர் இடம் ஒன்று காலியாயிற்று. சூப்பர்வைசர் அந்தோணிராஜ் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் எதையும் பாதி சிரிப்போடுதான் சொல்வார்.

"உன் கண்ணுக்கு நான் கேரன்ட்டிம்மா. ஆனா லீடர்னா ஷிப்ட் முடிஞ்சதும் ஓட முடியாது. அடுத்த ஷிப்டுக்கு ஹேண்ட் ஓவர் குடுத்துட்டுத்தான் போவணும். அதுக்குள்ள கம்பெனி பஸ் பூடும். உனக்கு வண்டி கீதா?"

வண்டி இல்லை. லைசென்ஸ் இருந்தது, ரகு கற்றுக்கொடுத்து வாங்கியது. ஆனால் லைசென்ஸில் ஏறி உட்கார்ந்து வீட்டுக்கு வர முடியாது. எங்கள் தெருவோ வாலாஜாபாத் சாலையிலிருந்து ரொம்ப உள்ளே. இரவு ஷிப்ட் முடிந்தால் ஷேர் ஆட்டோ கிடையாது. ரகு அந்த நேரத்தில் ஏர்போர்ட்டில் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் வண்டி இருந்தால் லீடர். இல்லையென்றால் ஸ்கூட்டர் வைத்திருக்கும் வேறு ஒருத்திக்கு அந்த இடம். இத்தனை வருஷம் நின்று பார்த்த கண்ணுக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் குறுக்கே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரகு டின்னைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தான்.

"ஆயா, நீ படிச்ச ஆளு. எண்ணிச் சொல்லு. இதுல ஒரே நோட்டு அஞ்சு லட்சம். இன்னிக்கி நாம ஸ்கூட்டரு இல்ல, ஷோரூமையே வாங்குறோம்."

நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். அந்த ஐந்து லட்சத்தைக் கொடுத்தால் நம்மூர் ஐந்நூறு ரூபாய்த் தாள் நாலு கூட வராது. ரகுவின் முகம் பஞ்சரான டயராக இறங்கியது.

"அஞ்சுக்குப் பின்னாடி இத்தினி முட்டை போட்டுகினு இன்னாத்துக்கு ஆயா இப்பிடி ஏமாத்துறானுங்கோ?"

"முட்டையெல்லாம் அவங்க ஊர்லதான் பொரியும்" என்றேன்.

ஆனால் எனக்கு வேறொரு விஷயம் தெரியும். செலவுக்கு வாங்குகிறவனிடம் ஒரு நோட்டுக்கு ஒரு விலை. சேர்த்துவைக்க வாங்குகிறவனிடம் வேறு விலை. தண்டலத்தில் காலேஜ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வனமாமலை அந்த ரகம். நாங்குநேரிக்காரர். ஜெராக்ஸ் எடுப்பது வயிற்றுக்கு. பழைய நோட்டும் பிளாஸ்டிக் நோட்டும் வாங்கி விற்பது உயிருக்கு. எனக்கு அவர் எப்படிப் பழக்கம் என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை, அதில் ஒரு மகாராஜா வருகிறார்.

"விக்கிறதா இருந்தா லாட்டைப் பிரிச்சிடணும்" என்றாள் செந்தாமரை. அவள் சரக்கு எதையும் சோதிக்காமல் அனுப்பியவள் இல்லை. என் மேஜை விளக்கை எடுத்துத் தரையில் வைத்தாள். முதலில் குங்குமம் படிந்த நோட்டுகளைப் பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் ஒற்றினாள். பிறகு ஒவ்வொன்றாக விளக்கின் கீழே திருப்பினாள். நல்லதெல்லாம் ஒரு பக்கம். கறையும் கீறலும் இன்னொரு பக்கம். மடிந்ததைப் பார்த்தால் ரகுவைப் பார்த்து ஒரு முறைப்பு.

பாதியில் அவள் கை நின்றது. நீல நிறத்து இருபதாயிரம் டோங், அதுதான் அந்த வியட்நாம் பணம். முதுகில் ஒரு பழைய பாலத்தின் படம். புத்தம் புதுசு. ஆனால் அதன் ஒரு மூலை உள்பக்கம் மடங்கியிருந்தது. மடிப்பை விரலால் எடுத்துவிட்டாள். நோட்டின் நீள்சதுரத்தைத் தாண்டி முக்கோணமாக ஒரு துண்டு பிளாஸ்டிக் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, வாலைப் போல.

"பாத்தியா ஆயா. ஃபிளாஷு! இவ்ளோ பெரிய ஃபிளாஷ வெச்சிகினு பாஸ் பண்ணியிருக்காளுங்கோ. கட்டர் எங்க?"

அவள் கண்ணில் அந்தத் தொழில்வெறியைப் பார்த்தேன். என் உள்ளே ஏதோ மணி அடித்தது. நாற்காலியிலிருந்து பாய்ந்தேன். புலிபோலப் பாய்ந்தேன் என்றே எழுதலாம். அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தேன். "அடியே, கடவுள் வாலோடு படைத்ததை நீ வாலில்லாமல் ஆக்காதே!" என்று முழங்கினேன். அவள் அப்படியே அடங்கிப்போனாள். நோட்டு பிழைத்தது.

வெட்டவில்லையே தவிர, நல்ல நோட்டுகளோடு அதைச் சேர்க்கவும் அவளுக்கு மனசு வரவில்லை. ரிஜெக்ட்டை ஓகே பீஸோடு கலப்பது அவர்கள் லைனில் பெரும் பாவம். ஒரு பீஸ் கலந்தால் மொத்தப் பெட்டியையும் பிரித்துப் பார்க்க வைப்பார்கள். வெற்றிலைபாக்கு வைத்துக் கொடுத்த ஒரு சிவப்புக் கவரைத் தேடி எடுத்து, வால் நோட்டைத் தனியாக அதில் போட்டு, கைப்பையின் அடியில் செருகினாள்.

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. ரகுவின் காரிலேயே மூவரும் தண்டலம் போனோம். வனமாமலை கடையில் காலேஜ் பிள்ளைகள் புராஜெக்ட் காகிதத்தோடு நின்றார்கள். அவர் எங்களை உள்ளே உட்காரவைத்து, கைகழுவித் துடைத்துக்கொண்டு, நோட்டுகளை ஓரத்தில் மட்டும் தொட்டு எடுத்தார். மூக்குக்கு அருகே கொண்டுபோனார்.

"என்னம்மா, பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசனை அடிக்கி?"

"குங்குமம் இருந்திச்சி சார். கழுவிட்டேன்."

"பிளாஸ்டிக்கா இருக்கப் போயிப் பொழச்சுது. காயிதமா இருந்தா இந்நேரம் கூழு." அவர் சிரிக்கவில்லை. "போன வாரம் ஒரு ஆளு வந்தாரு. நல்ல நோட்டு. அதை லேமினேட் பண்ணித் தாங்கன்னு கேக்காரு. லேமினேட் மெஷின் எப்படிக் கொதிக்கும்! பிளாஸ்டிக் நோட்டு அப்பளமாச் சுருண்டிரும். அவரை வாசல்ல வச்சே அனுப்பிட்டேன்."

நல்லது என்று செந்தாமரை பிரித்த கட்டைப் பொறுமையாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க ரகு நாற்காலியின் நுனிக்கு வந்துகொண்டிருந்தான்.

"சொல்லுதேன் கேளுங்க. இதெல்லாம் இன்னைக்கும் அந்த ஊருக் கடையில செல்லுபடியாகுத நோட்டு. அவங்க ஊர்ல டீக்கடைக்குப் போனாலும் இதான். சேக்கிற ஆளுக்கு இதுமேல ஆசை வராது. மாத்துத விலைதான் கிடைக்கும்." ஒரு ருமேனியா நோட்டை மட்டும் தனியே எடுத்தார். சூரிய கிரகணத்துக்காக அந்த ஊரில் வெளியிட்டது. "இது நல்ல சரக்கு. நினைவு வெளியீடு. ஆனா நாலா மடிச்சு வச்சிருக்கியளே. மடிப்பு விழுந்தா பாதி விலை போச்சு."

"பாக்கெட்ல மடிச்சி வெக்காம தலையிலயா சார் விரிச்சி வெப்பாங்க?" என்றான் ரகு.

"பொண்டாட்டி பட்டுச்சேலையை மடிச்சிப் பேன்ட் பாக்கெட்ல வைப்பீயளா? அப்படித்தான் இதுவும்."

எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் ஒரு தொகை சொன்னார். ஸ்கூட்டரின் முன்சக்கரம் வரும். மீதி ஸ்கூட்டர் வராது. செந்தாமரை கட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நோட்டுகளைத் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். வரிசை கலைந்தது ஒன்று இருந்தது. அதையும் திருப்பி நேராக வைத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தை அப்போது நான் பார்த்திருக்கக் கூடாது.

"டின்னுல இவ்வளவுதானா?" என்று கேட்டார் வனமாமலை.

"இன்னும் ஒண்ணு கீது சார்" என்றான் ரகு.

"கம்முனு கீ" என்று அவன் காலை மிதித்தாள். "அது ரிஜெக்ட்டு சார். அத எல்லாம் காட்டக்கூடாது. மானம் போவும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரிஜெக்ட்டா? எம்மா, அதை ஏன் மொதல்லயே காட்டல?"

சிவப்புக் கவர் வெளியே வந்தது. அவர் நோட்டை எடுத்து மேஜையில் வைத்து, மடிந்த மூலையை இரண்டு விரலால் மெதுவாக விரித்தார். வால் வெளியே வந்தது. வெளியே ஒரு பையன் "அண்ணா, ஸ்பைரல் பைண்டிங்" என்று கத்திக்கொண்டிருந்தான். அவர் காதில் விழவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"பெரிய ஷீட்டா அச்சடிச்சு அப்புறம்தான் ஒவ்வொரு நோட்டா வெட்டுவாங்க. வெட்டுதப்போ இந்த மூலை உள்ள மடங்கிக் கிடந்திருக்கு. கத்தி அதுக்கு மேல விழல. வெட்டிப் போட வேண்டிய ஓரம் வெட்டாம நோட்டோடயே வந்துட்டு. லட்சத்துல ஒண்ணு தப்பி வெளிய வரும். இதுக்குன்னே அலையுத ஆளுங்க இருக்காங்க, பாத்துக்கிடுங்க."

"ஃபிளாஷுக்கா சார்?" செந்தாமரை எழுந்தேவிட்டாள். "ஃபிளாஷுக்கா காசு குடுப்பாங்க?"

"வாலை வெட்டியிருந்தா இது வெறும் இருபதாயிரம் டோங். ஒரு தட்டு இட்லி சாப்பிடலாம்."

பிறகு அவர் நோட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். நெற்றி சுருங்கியது. "இந்த மடிப்பு மெஷின்ல விழுந்தது, இது இருக்கத்தான் வேணும். பக்கத்துல இன்னொரு கோடு கிடக்கே, ஏதோ கடிச்ச மாதிரி? அதுக்குக் கொஞ்சம் விலை குறையும்."

எங்கள் வீட்டில் எலி உண்டு என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு அவர் கடை மின்விசிறி எந்தக் கம்பெனி என்று பார்க்க ஆரம்பித்தேன்.

செந்தாமரைக்குக் கோடு முக்கியமில்லை. அவள் மனசு வேறெங்கோ போயிருந்தது. "அந்த ஊர்லயும் ஒருத்தி லைட்டுக்குக் கீழ நின்னு பாத்துகினு இருந்திருப்பா இல்ல ஆயா? டபுள் ஷிப்டு பாத்திருப்பா. கண்ணு சொக்கியிருக்கும். ஒண்ணு தப்பிச்சி வந்துடுச்சி. பாவம், அவ லீடர் திட்டியிருப்பா." அந்த முகம் தெரியாதவளுக்காக அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். நோட்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு செந்தாமரை நிற்பதுபோல எனக்குத் தோன்றியது.

வனமாமலை ஒரு விலை சொன்னார். எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் தெருவில் எல்லோர் வீட்டு விசேஷத்துக்கும் இவர்களிடம் பெரிய மொய் எதிர்பார்ப்பார்கள். முன்சக்கரத்தோடு பின்சக்கரமும் இன்ஜினும் சீட்டும் வந்தது என்று தெரிந்தால் போதும். இன்னொரு வழியும் சொன்னார். சிங்கப்பூரில் ஒரு ஏலம் இருக்கிறது, அனுப்பினால் இன்னும் கூட வரலாம், ஆனால் ஆடி ஆவணி ஆகும், நிச்சயமும் இல்லை.

ரகு அவளைத் தள்ளிக்கொண்டு மூலைக்குப் போனான். "வெயிட் பண்ணா டபுளாக் கெடைக்கும்டி."

"வெயிட் பண்ணா லைன் பூடும்யா. நோட்டு ஆவணியிலயும் நோட்டாத்தான் கெடக்கும். அந்த எடம் கெடக்குமா?"

திரும்பி வந்து ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "சார், வாங்குறவங்ககிட்ட டிஃபெக்ட் கீதுன்னு சொல்லிட்டுத்தான் விக்கணும். மறைச்சி விக்கக்கூடாது."

வனமாமலை முதல்முறையாகச் சிரித்தார். கடை வாசலில் நின்ற பிள்ளைகளெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். "எம்மா, அதைச் சொல்லலன்னா எவன் வாங்குவான்!"

ஸ்கூட்டரைப் படப்பையில் வாங்கினார்கள். முதலில் பார்த்த மூன்றை ரிஜெக்ட் செய்தாள். நான்காவதன் முன்பலகை இடைவெளியில் நகத்தை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். விற்கிறவன் அழாத குறையாக, "அக்கா, இது செகண்ட் ஹேண்டுக்கா" என்றான். "ஹேண்டுதான் செகண்டு. கண்ணு ஒண்ணும் செகண்ட் இல்ல" என்று சொல்லிவிட்டு விலையைக் குறைத்து வாங்கிக்கொண்டாள். பச்சை நிற வண்டி. முதல் தேதி காலை அந்தோணிராஜ் கம்பெனி வாசலுக்கே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாராம். "நம்பர் பிளேட் கொஞ்சம் சாஞ்சிகீதே" என்றாராம். அவளுக்கு அது தெரியாதா? அன்று மாலையே நேராக்கிவிட்டாள்.

இப்போது லைனில் புதிதாக வரும் பெண்களுக்கு அவள்தான் பொறுப்பு. வால் நோட்டின் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்வாள். ஆனால் மெஷின் முன்னால் போய் நின்றால் பழைய சட்டம்தான். "ஃபிளாஷ் பாத்தா வெட்டு. இது காரு, நோட்டு இல்ல." ரகு இப்போது முறுக்கு டின்னைத் தூக்கிப் போட்டுவிட்டு நோட்டை மடிக்காமல் வைக்க ஒரு ஃபைல் வாங்கியிருக்கிறான். மீனம்பாக்கத்தில் இறங்கும் வெளிநாட்டுக்காரர்களிடம் "டிஃபெக்ட் மணி, சார்? எனி டிஃபெக்ட்?" என்று கேட்கிறானாம். என்றைக்குப் போலீஸ் பிடிக்கப்போகிறதோ தெரியாது.

எழுதி முடித்ததை இருவரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். ரகு எல்லாம் பிரமாதம் என்றான். செந்தாமரை தலையைச் சாய்த்து, வெள்ளை விளக்கின் கீழே கேட்பதுபோலக் கேட்டாள்.

"நல்லாத்தான் கீது ஆயா. ஒரே ஒரு எடத்துல கரெக்‌ஷன்."

"எந்த இடம்?"

"புலி மாதிரிப் பாஞ்சியாமே? நீ நாற்காலிய வுட்டு அசையவே இல்ல. கட்டர் மாடியில கீது, ஏறி எறங்க முடியலன்னேன். 'இந்தாடி'ன்னு கத்திரிக்கோல எடுத்து நீட்டுனதே நீதான். நானும் அந்த வால்ல வெச்சி அமுக்கு அமுக்குன்னு அமுக்குனேன். உன் கத்திரிக்கோல் மொக்க ஆயா. வெட்டாம சும்மா மடிச்சி வுட்டுச்சி. எலி கடிச்சிதாம் எலி! அத எழுது."